அம்மி இருந்த இடம்

"ஏத்தா, இந்த வீட்டுலயாவது செட்டிலாயிருவியா?"

ஒவ்வொரு முறை வீடு மாற்றும்போதும் அப்பா கேட்பது இது. சென்னைக்கு வந்த 14 ஆண்டுகளில் எனக்கு இது எட்டாவது வாடகை வீடு. 11 மாத ஒப்பந்தம் முடியும், வாடகை ஏறும், அட்டைப்பெட்டிகளைக் குட்டியானையில் ஏற்றிக்கொண்டு அடுத்த பேட்டைக்குக் கிளம்புவேன். தூக்க முடியாத எதையும் வாங்குவதில்லை என்பது இத்தனை ஆண்டுகளில் தானாகப் படிந்த பழக்கம். அதனால்தான் அப்பத்தா தன் அம்மியை எடுத்துக்கொள்ளச் சொன்னபோதும் வேண்டாம் என்றுவிட்டேன். மூன்றாம் மாடிக்கு அதை யார் தூக்குவது?

சிவகங்கைப் பக்கம் கண்மாய்ப் பாசனக் கிராமம் எங்களுடையது. விடிவதற்கு முன்பே கொல்லையில் கல் உராயும் சத்தம் கேட்கும். அப்பத்தா ஒரு காலை மடக்கி, மறுகால் முட்டியைத் தரையில் ஊன்றி, உடம்பை முன்னும் பின்னும் ஆட்டி மிளகாயும் மல்லியும் அரைத்துக்கொண்டிருப்பார். அது முடிந்தால் திருகையில் கேழ்வரகு. இரவில் நொச்சி இலையை வதக்கி முட்டியில் ஒத்தடம் கொடுப்பது என் வேலை. முட்டி ஏன் இப்படி வீங்குகிறது என்று ஒருநாள் கேட்டேன். "வயசாச்சுல்லத்தா" என்றார். அப்போது அவருக்கு ஐம்பதுகூட ஆகியிருக்கவில்லை.

கல்லூரிக் காலத்தில் ஒரு பழைய சயன்டிபிக் அமெரிக்கன் இதழ் கைக்குக் கிடைத்தது. 1994இல் வந்தது. சிரியாவில் யூப்ரடீஸ் ஆற்றங்கரையில் இருந்த அபு ஹுரைரா என்ற கற்கால ஊரின் எலும்புகளைப் பற்றித் தேயா மொல்லசன் எழுதியிருந்தார். பெண்களின் எலும்புகளில் ஒரே மாதிரியான சேதத்தை அவர் கண்டிருந்தார். முதுகின் கீழ்ப்பகுதி முள்ளெலும்பு நசுங்கியிருந்தது. முட்டியில் கூடுதல் எலும்பு வளர்ந்திருந்தது. கால் பெருவிரல் மூட்டு தேய்ந்து கெட்டிருந்தது. மண்டியிட்டு, கால்விரல்களை மடித்து ஊன்றி, நாள்தோறும் மணிக்கணக்கில் கல்லில் தானியம் அரைத்த உடம்புகள் அவை என்று அவர் முடிவுக்கு வந்தார். மாவோடு கலந்த கல்துகள் பற்களையும் தேய்த்திருந்தது. படித்துக்கொண்டிருக்கும்போதே நொச்சி இலை வாசம் வந்தது எனக்கு.

அந்த ஊரின் கதையைத் தேடிப் படிக்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். மனிதன் அலைந்தான், பிறகு உழவு கற்றான், அதனால் ஓரிடத்தில் தங்கினான் என்ற வரிசையில்தான் பள்ளியில் படித்திருந்தேன். அபு ஹுரைராவில் அந்த வரிசை பொருந்தவில்லை. சுமார் 13,000 ஆண்டுகளுக்கு முன் அங்கே குழி வெட்டிக் குடிசை போட்டவர்கள் வேட்டைக்காரர்கள். ஆண்டுதோறும் மான் கூட்டங்கள் அந்த வழியாக இடம்பெயர்ந்தன. ஊர்க்காரர்கள் காத்திருந்து கூட்டம் கூட்டமாக வீழ்த்தினார்கள். அகழ்ந்த மண்ணை ஆய்வாளர்கள் நீரில் கரைத்தபோது கருகிய விதைகள் மிதந்து வந்தன. கோர்டன் ஹில்மன் அவற்றில் 150க்கும் மேற்பட்ட செடிவகைகளை இனம்கண்டார். உழாமலேயே அத்தனை வகை கிடைத்த ஊர் அது. எனக்குத் தெரிந்து என் அப்பத்தாவின் தட்டில் ஆறேழு வகைக்கு மேல் இருந்ததில்லை.

பிறகு குளிரும் வறட்சியும் வந்தன. ஏறத்தாழ 12,900 ஆண்டுகளுக்கு முன் தொடங்கி ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் நீண்ட காலம் அது. காட்டுத் தானியங்கள் அருகின. இருந்த இடத்தை விட மனமில்லாதவர்கள் ரை என்ற தானியத்தைத் தாங்களே விதைக்கத் தொடங்கினார்கள் என்பது ஹில்மன் முன்வைத்த கருத்து. அதை மறுப்பவர்களும் இருக்கிறார்கள். ஒன்று மட்டும் எனக்கு உறுதியாகப் படுகிறது: உழவனாகப் போகிறோம் என்று யாரும் ஒருநாள் தீர்மானித்திருக்க மாட்டார்கள். பயிர் வைத்த பிறகும் வெகுகாலம் மான் வேட்டை தொடர்ந்தது. ஆடு வளர்ப்பு வேட்டையின் இடத்தைப் பிடித்தது அதற்கும் பிந்தித்தான். தலைமுறை தலைமுறையாகக் கொஞ்சம் கொஞ்சமாக நடந்தது. கடைசியில் மண்வீடுகள் நெருக்கியடித்த பெரிய ஊராயிற்று. வயல், களஞ்சியம், அரைகல் என்று விட்டுப்போக முடியாதவை கூடிக்கொண்டே வந்தன. அந்தப் பெண்கள் அந்தக் கல்லின் முன்னால் மண்டியிட்டபடியே இருந்தார்கள். உழவின் பெருமையைப் பேசும் எந்த மேடையிலும் அவர்களுடைய முட்டியைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று ஏங்குகிறேன்.

இன்று அந்த ஊர் நீருக்கடியில் இருக்கிறது. தப்கா அணை எழுந்துகொண்டிருந்தபோது, 1972லும் 1973லும் ஆண்ட்ரூ மூர் குழுவினர் அவசர அவசரமாகத் தோண்டி எடுத்தவைதாம் நமக்கு எஞ்சியவை. பள்ளத்தாக்கின் உழவர் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் வெளியேற வேண்டியிருந்தது. உலகின் மிகப் பழைய உழவூர்களில் ஒன்று இருந்த கரையிலிருந்தே உழவர்கள் மூட்டை கட்டினார்கள்.

எங்கள் ஊரை எந்த அணையும் மூழ்கடிக்கவில்லை. கண்மாய் தூர்ந்தது, மழை தவறியது, வயலைச் சீமைக்கருவேலம் பிடித்துக்கொண்டது. அண்ணன் திருப்பூரில், நான் சென்னையில். அப்பா மட்டும் அந்த நிலத்தைப் பார்த்தபடி இருக்கிறார். அவர் கேட்கும் 'செட்டில்' என்ற சொல்லில் எத்தனை ஆசை இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் பதில் சொல்லத் தயங்குகிறேன்.

போன தைக்கு ஊருக்குப் போயிருந்தேன். அப்பத்தா இறந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. கொல்லையில் அம்மி அதே இடத்தில் கிடந்தது, நடுவே குழிந்து, ஓரத்தில் பாசி படிந்து. மொல்லசன் எழுதியதுபோல இரண்டு முட்டியையும் ஊன்றி, கால்விரல்களை மடித்து வைத்து, குழவியை இருகையாலும் பிடித்துத் தள்ளிப் பார்த்தேன். பத்து நிமிடம் தாங்கவில்லை. முதலில் வலித்தது கால் பெருவிரல்.