ஆதாமும் ஏவாளும் ஐந்து மார்க்குக்கு

எண்பதுகளில் ஹாம்பர்க்கில் காலம் தள்ளியவர்களுக்குச் சனிக்கிழமைப் பழம்பொருள் சந்தை ஞாபகம் இருக்கும். கால் ஒடிந்த நாற்காலி, மூடி தொலைந்த காபிக் கெண்டி, யாரோ ஒரு தாத்தாவின் பெல்ட் எல்லாவற்றுக்கும் நடுவே ஓர் அட்டைப்பெட்டியில் பழைய லினன் துணிகளைத் திணித்து வைத்திருப்பார்கள். கிளறினால், படுக்கை விரிப்புகளுக்கு அடியில், ஓரம் பழுத்த ஒரு சதுரத் துணியில், ஆதாமும் ஏவாளும் மரத்துக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவராக, பாம்பு சாட்சியாக, என்றோ இருந்த ஒரு பெண்பிள்ளையின் கிராஸ் ஸ்டிச்சில் விறைத்து நிற்பார்கள். விலை ஐந்து மார்க். பேரம் பேசினால் நான்கு. அந்த நான்கு மார்க்குக்குச் சுட்ட சாஸேஜ் வாங்கித் தின்றுவிட்டு, கம்ப்யூட்டர் படித்தவன் என்ற மிதப்போடு வீடு திரும்பிய ஓர் ஒல்லிப் பையனை அங்கே நீங்கள் பார்த்திருந்தால், அது நான்தான்.

நான் குடியிருந்த வீட்டுக்கார அம்மாள் ஃபியர்லாண்டெக்காரர். ஹாம்பர்க்கின் தென்கிழக்கே, எல்பே ஆற்றங்கரைத் தாழ்நிலத்தில் இருக்கும் நான்கு கிராமங்கள் அவை. நகரத்துச் சந்தைக்குக் காய்கறியும் பூவும் ஸ்ட்ராபெரியும் அனுப்பியே பேர் வாங்கிய ஊர்கள். பூ விற்றவர்கள் ஆயிற்றே, எம்பிராய்டரியில் வண்ணத்தை வாரி இறைத்திருப்பார்கள் என்று பார்த்தால், வெள்ளை லினனில் கறுப்புப் பட்டு நூல் மட்டும்; நட்சத்திரமும் சக்கரமுமாக, கணக்கு வாத்தியார் கனவில் வந்து போட்ட கோலம் மாதிரி. பெண்பிள்ளைகள் தையல் பழகி, மாதிரிகளைச் சேமித்து வைக்கும் துணிக்கு மாதிரித் துணி என்று பெயர்; அம்மாளின் பாட்டி சிறுமியாக இருந்தபோது தைத்த அப்படி ஒன்று ஹாலில் மாட்டியிருந்தது. காபி குடித்தபடி அதைக் காட்டி, "இன்னும் பத்து வருஷத்தில் இதையெல்லாம் மெஷினே செய்துவிடும்" என்று நான் எதிர்காலத்தை அறிவித்தேன். அவர் கேக்கை வெட்டி என் தட்டில் வைத்தார். "செய்யட்டுமே. ஆனால் மெஷினுக்குக் கல்யாணம் ஆக வேண்டியதில்லை, பாருங்கள்" என்றார்.

விஷயம் அங்கேதான் இருந்தது. அந்தத் துணி சுவருக்காகப் பிறந்ததே அல்ல. கல்யாணமாகிப் போகும் பெண் விரிப்பும் உறையும் துண்டும் டஜன் கணக்கில் கொண்டுபோக வேண்டும். வீட்டில் பெரிய சலவை வருஷத்துக்கு ஒன்றிரண்டு முறைதான், துவைத்த துணி புல்வெளியில் வெயிலில் கிடந்து வெளுக்கும். ஊரார் துணியோடு கலந்துவிடாமல் இருக்க ஒவ்வொன்றின் மூலையிலும் சிவப்பு நூலில் இனிஷியல், எல்லாம் முறை வைத்துத் தேய வேண்டும் என்பதால் கூடவே ஒரு வரிசை எண். அதற்காகத்தான் மாதிரித் துணியின் உச்சியில் அரிச்சுவடி, அதன் கீழே எண்கள். அத்தனை பாடுபட்டுத் துணிக்குக் கணக்கு வைத்திருந்தார்கள். நான் இப்போது வைத்திருக்கும் சலவை மெஷினில் பதினான்கு விதச் சுற்றுகள் இருக்கின்றன. ஆனாலும் வாரத்துக்கு ஒரு காலுறையை அது விழுங்கிவிடுகிறது.

எழுத்துக்குக் கீழே போனால்தான் கொண்டாட்டம். கானான் தேசத்தை உளவு பார்க்கப் போன யோசுவாவும் காலேபும் ஆளைவிடப் பெரிய திராட்சைக் குலையைக் கம்பில் கோத்துத் தூக்கி வருவார்கள். சிலுவையைச் சுற்றி ஏணி, சுத்தியல், குறடு, ஆணி, வீரர்கள் உருட்டிய பகடை, பேதுருவுக்காகக் கூவிய சேவல். பக்கத்திலேயே மயில், மான், ஜாடி நிறையக் கார்னேஷன். கடலோரத்து வீடு என்றால் ஒரு பாய்மரக் கப்பல். மான் வீட்டைவிட உயரமாக இருக்கும், யாரும் கவலைப்பட்டதில்லை. மிச்சம் விழுந்த இடத்தில் ஒரு கிரீடத்தைப் போட்டு நிரப்பிவிடுவார்கள். முடிவில் இரண்டு மூன்று எழுத்து இனிஷியல், ஒரு வருஷம், அவ்வளவுதான். இங்கிலாந்துப் பெண்கள் முழுப் பெயரும் வயதும் போட்டு ஒரு பக்திச் செய்யுளையும் சேர்த்துத் தைத்தபோது, ஜெர்மன் பெண்களில் பெரும்பாலோர் அந்த இரண்டு மூன்று எழுத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். காலையில் தின்ற தோசையைக்கூடப் பெயர் போட்டு ஊருக்குக் காட்டும் நமக்கு அந்த அடக்கம் கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருக்கிறது.

இந்த மயிலும் மானும் யார் சொத்து? 1520-களிலேயே ஆக்ஸ்பர்க்கில் ஷோன்ஸ்பெர்கர் என்ற அச்சுக்காரர் தையல் மாதிரிப் புத்தகம் அச்சிட்டுவிட்டார். நியூரம்பர்க்கின் செதுக்கோவியர் ஸிப்மாகர் 1597-இலும் 1604-இலும் கட்டம் போட்ட புத்தகங்களை வெளியிட்டார். கட்டத்தை எண்ணி இழையை எண்ணினால் போதும். அதே ஊரில் பின்னாளில் ரோசினா ஹெலேனா ஃபூர்ஸ்ட் என்ற பெண்ணும் மாதிரிப் புத்தகம் போட்டார். பக்கத்தைக் கிழித்தும் ஊசியால் குத்திப் பிரதியெடுத்தும் பயன்படுத்தியதில் அந்தப் புத்தகங்களில் தப்பியவை சொற்பம். துணி தப்பியது. அத்தையின் துணியைப் பார்த்து மருமகளும், அவளைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரியும் தைத்துத் தைத்து, ஒரே மான் இருநூறு வருஷம் ஓடியது. இன்று ஒரு மானை விலை கொடுத்து இறக்கிக்கொண்டால், அதைவிட நீளமாக ஒரு காப்புரிமை எச்சரிக்கை கூடவே வருகிறது.

முன்னேற்றம் நம் காலத்தில்தான் புகுந்தது என்று நினைத்துவிடாதீர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பெர்லின்காரர்கள் கட்டத்தாளில் கையால் வண்ணம் தீட்டிய மாதிரிகளை விற்கத் தொடங்கி, ஐரோப்பா முழுவதையும் கம்பளி ரோஜாவாலும் நாய்க்குட்டியாலும் கிளியாலும் நிரப்பிவிட்டார்கள். மாதிரி கடையில் கிடைக்கும்போது அதைத் துணியில் சேமிப்பானேன்? மாதிரித் துணி பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டது, மார்க் வாங்குவதற்கு.

இப்போது அது திரும்பி வந்திருக்கிறது. என் மருமகள் பழைய துணி ஒன்றின் மறுபதிப்பைப் பெட்டியாக வாங்கினாள்: அளந்து வெட்டிய லினன், எண்ணி வைத்த நூல், ஊசி, குறிப்பேடு. அதில் ஏதேன் தோட்டத்து மரம் நீல நிறம். அந்தக் காலத்தில் பச்சைக்கு மஞ்சள் சாயமும் நீலச் சாயமும் ஏற்றுவார்கள். மஞ்சள் வெளிச்சத்தில் முதலில் போய்விடும், நீலம் நிற்கும். அசல் துணியின் பின்பக்கத்தைத் திருப்பினால் இன்னமும் பச்சை இலை தெரியும். ஆனால் முன்பக்கத்து நீலத்தையே பார்த்துப் பழகிவிட்டோம். வெளிறிப்போன நிறத்தைத் தொழிற்சாலையில் அக்கறையாகக் காய்ச்சி, புது நூலில் ஏற்றி, விலை வைத்து விற்கிறார்கள். "ஒரிஜினல் கலர் மாமா" என்கிறாள் மருமகள்.

அசல்களைப் பார்க்க நான் இப்போது மியூசியங்களுக்குப் போகிறேன். சாயம் மேலும் வெளுக்காமல் இருக்க 50 லக்ஸ் வெளிச்சம்தான் அங்கே அனுமதி. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியும் இறக்கியும், கம்ப்யூட்டர் படித்து முடித்த கண்களால் அரையிருட்டில் இழை எண்ணப் பார்க்கிறேன். நல்ல கண்ணும் நல்ல வெயிலும் நான்கு மார்க்கும் ஒன்றாகச் சேர்ந்திருந்த காலத்தில் சாஸேஜ் அல்லவா பெரிதாக இருந்தது!

உங்கள் வீட்டுப் பீரோவிலும், அம்மாவோ அத்தையோ பள்ளிக்கூடத்துத் தையல் வகுப்பில் மேட்டித் துணியில் போட்ட கிளி ஒன்று கட்டாயம் இருக்கும். அதை மடித்து வைக்காதீர்கள், மடிப்பில்தான் நூல் முதலில் அறும். மெல்லிய வெள்ளைத் துணியோடு சுருட்டி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். யார் தைத்தது, எந்த வருஷம் என்று முழுப் பெயரோடு ஒரு சீட்டு எழுதி உடன் வைத்துவிடுங்கள். இனிஷியல் மட்டும் போதாது.