டி டிரைவ் தம்பி

“பென்டிரைவ் எதுக்குண்ணே? அதான் டி டிரைவ் இருக்குல்ல?”

கம்ப்யூட்டர் சரிபார்க்க வரும் தம்பி இப்படிக் கேட்டதுமே கம்பம்மெட்டு ஏலக்காய்க் கடைக்காரர்கள் பழைய பில் புத்தகத்தைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள். அடுத்த சில நாளைக்குக் கையால்தான் எழுத்து.

காலையில் தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றி வரும் ஜீப்பில் தம்பியும் தொற்றிக்கொண்டு கம்பத்திலிருந்து மேலே வருவார். பையில் ஸ்க்ரூடிரைவர், யாருடையதென்று தெரியாத பழைய ரேம், முறுக்குப் பொட்டலம் எல்லாம் இருக்கும். பென்டிரைவ் மட்டும் இருக்காது. நாமே எடுத்து நீட்டினாலும் ஏதோ கெட்டுப்போன பண்டத்தைப் பார்ப்பது போலப் பார்ப்பார். பென்டிரைவைச் செருகி இன்ஸ்டால் பண்ணுவதை யார் வேண்டுமானாலும் பண்ணிவிடலாமாம்.

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கு வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 கேட்கிறது, இங்கே கடைகளில் ஓடும் கிழட்டுப் பெட்டிகளுக்கு அது ஏது? “உபுண்டு போட்டுருவோம்ணே” என்று கிளம்பியவருக்கு அதிலிருந்து ஓய்வே இல்லை.

முதலில் ஐஎஸ்ஓ ஃபைலை டி டிரைவுக்கு மாற்றுவார். அந்த டி டிரைவை எந்தப் புண்ணியவானோ எப்போதோ எஃப்ஏடி32-ல் ஃபார்மட் பண்ணியிருப்பான். அதில் 4 ஜிபியைத் தாண்டிய ஒரு ஃபைல் உட்காராது. இப்போதைய உபுண்டுவோ 5 ஜிபிக்கு மேல். ஃபைல் பெரிது என்று ஸ்க்ரீனில் தெளிவாக எழுதியிருக்கும். தம்பி அதைப் படிக்க மாட்டார், நம்மையும் படிக்க விடமாட்டார். எழுத்து வந்த வேகத்தில் என்டரைத் தட்டிவிடுவார். “டவுன்லோடு சரியில்லண்ணே” என்று மறுபடி டவுன்லோடு ஓடும். தமிழ்நாட்டு டவரா கேரள டவரா என்று போனே குழம்பித் தவிக்கிற மெட்டில், ஆனி மழையில், 5 ஜிபி.

எஃப்ஏடி32 இல்லாத பெட்டி வாய்த்து ஒருவழியாக அது உட்கார்ந்தால், அடுத்தது கம்ப்யூட்டரை எழுப்பிவிடும் கிரப். அதில் முதல் டிஸ்க்குக்கு எண் 0, முதல் பார்ட்டிஷனுக்கு எண் 1. பழைய கிரப்பில் பார்ட்டிஷனையும் 0-விலிருந்துதான் எண்ணுவார்கள். தம்பியின் கை அதில் பழகிய கை. போதாததற்கு, பழைய எம்பிஆர் டிஸ்க்கில் 1 முதல் 4 வரை பிரைமரிக்கு ஒதுக்கியவை. விண்டோஸில் இரண்டாவதாகத் தெரிந்த டி, லாஜிக்கலாக இருந்தால் இங்கே 5 ஆகிவிடும். அவர் 1 போட்டுப் பார்ப்பார், 2 போட்டுப் பார்ப்பார், டீ சொல்வார்.

இத்தனையும் கடந்து இன்ஸ்டாலர் எழுந்து நின்றால், பார்ட்டிஷனை மாற்ற முடியாது, பயன்பாட்டில் இருக்கிறது என்று சொல்லும். இருக்காதா? ஐஎஸ்ஓ ஓடுவதே அந்த டி-யிலிருந்துதான். உட்கார்ந்திருக்கிற பாயையே சுருட்டப் பார்க்கிறார் மனுஷன். என்டர், மறுபடி என்டர், பிறகு ரீஸ்டார்ட்.

பக்கத்து வீட்டுப் பத்தாம் வகுப்புப் பெண் ஒருநாள் எட்டிப் பார்த்தாள். கேரளப் பள்ளிகளில் ஐடி@ஸ்கூல் திட்டம் 2001-லேயே தொடங்கியது. 2017-ல் அது கைட் என்ற நிறுவனமானது. பாடம் நடப்பதே உபுண்டுவை வைத்துச் செய்த கைட் லினக்ஸில். அவள் செய்ததெல்லாம் ஸ்க்ரீனில் இருந்ததைப் படித்தது ஒன்றுதான்.

“அண்ணா, ஐசோடிவைஸை அன்மவுன்ட் பண்ணிட்டு இன்ஸ்டாலரைத் திறங்க.”

“அதத்தாம்மா பண்ணப் போனேன்.”

காசு கொடுத்தால் வாங்கமாட்டார். “இருக்கட்டும்ணே” என்று ஒரு பிடி ஏலக்காயைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, கொட்டுகிற மழையில் கடைசி ஜீப்புக்கு ஓடுவார். அதைப் பார்த்தால் யாருக்கும் திட்ட வாய் வராது.

ஆனால் ஒன்று. “சி-யை மட்டும்தான் தொடுவேன், டி பத்திரம்” என்பார். பார்ட்டிஷன் பிரிக்கும் திரையில் சி-யும் கிடையாது, டி-யும் கிடையாது. எஸ்டிஏ1, எஸ்டிஏ5 என்றுதான் இருக்கும். டிரைவுக்கு ஒரு பெயராவது வைத்துவிட்டு ஆரம்பிக்கச் சொன்னால் சிரிப்பார். புற்றடியிலும் போடியிலும் சரக்கு ஏலம் போன கணக்கெல்லாம் கிடக்கிற டிஸ்க் அது. அடுத்தவர் பிழைப்பு இருக்கிற இடத்தில் பேக்கப் எடுக்காமல் கை வைக்க எப்படித்தான் மனசு வருகிறதோ! போன சீசன் ரசீதுகளை நான் இன்னும் வியாபாரிகளிடம் கேட்டு வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

கடைசியில் நாலைந்து கடைக்காரர்கள் சேர்ந்து காசு போட்டு, நல்ல பென்டிரைவாக ஒன்று வாங்கி அவர் கையிலேயே கொடுத்தோம். மறுக்காமல் வாங்கிக்கொண்டார். அதில் இளையராஜா பாட்டாக ஏற்றி, இப்போது காலை ஜீப்பில் போட்டுக்கொண்டு வருகிறார். பண்ணைப்புரத்துக்காரர் பாட்டு என்பதால் டிரைவரும் அதைத் திருப்பித் தருவதாக இல்லை.