காற்றுக்கு ஒரு கொட்டேஷன்

அரியாங்குப்பத்தில் ஒரு குடும்பம் முன்னுக்கு வந்துவிட்டது என்பதற்கு அந்த நாளில் ஓர் அடையாளம் உண்டு. அவர்கள் வீட்டுக்குள் காற்று வருவது நின்றுபோகும். ஓட்டைப் பிரித்து மெத்தை வீடு கட்டுவார்கள், முற்றத்தை மூடித் தளம் போடுவார்கள், கடைசியில் ஏசி மாட்டுவார்கள். நாங்களும் அப்படித்தான் படிப்படியாக முன்னுக்கு வந்தோம்.

பழைய வீடு தாத்தா காலத்துக் கொத்தனார் கட்டியது. இன்ஜினீயர் என்று யாரும் அந்தப் பக்கம் வந்ததில்லை. வாசலில் நின்றால் நடை, முற்றம், கூடம், கொல்லைக் கதவு எல்லாம் ஒரே நேர்க்கோட்டில் தெரிந்து, கடைசியில் கிணற்றடி தெரியும். மத்தியானத்துக்கு மேல் வீராம்பட்டினம் பக்கமிருந்து கிளம்பும் கடல் காற்று, திண்ணை நிழலில் கொஞ்சம் வெக்கையை இறக்கிவைத்துவிட்டு உள்ளே நுழையும். கடல் காற்று ஓய்ந்த நாளிலும் பழுதில்லை. வீட்டுக்குள் சூடான காற்று லேசாகி முற்றம் வழியே மேலேறும். அது விட்டுப்போன இடத்துக்கு வாசல் பக்கமிருந்து வேறு காற்று வந்தே ஆகவேண்டும். அறைக்கதவுகளுக்கு மேலே வென்டிலேட்டர்கள். திறந்து மூட ஒரு கயிறு தொங்கும். ஒன்றில் கயிறு அறுந்து வருஷக்கணக்காகியும் யாரும் மாற்றவில்லை. அதை மூடும் தேவை வரவில்லை, தவிர உள்ளே சிட்டுக்குருவி குடித்தனம் வைத்திருந்தது.

உடனே, அந்தக் காலத்தில் எல்லாரும் நல்ல காற்றைச் சுவாசித்து நூறு வயது வாழ்ந்தார்கள் என்று கிளம்பிவிட வேண்டாம். அடுப்பங்கரையில் ஆயா சவுக்கு விறகோடு மல்லுக்கட்டுவார். ஈர விறகென்றால் ஊதாங்குழலும் கையுமாகத்தான் சமையல். புகையில் பாதி ஓட்டு இடுக்கு வழியே போனது, பாதி ஆயாவின் நெஞ்சுக்குள் போனது. கரியேறி ஓட்டின் அடிப்பக்கம் மினுமினுவென்று கறுத்திருக்கும். விறகுப் புகையின் நுண்துகள் நுரையீரலைக் கெடுக்கும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. "அது ஆயாவுக்கு எப்பவும் இருக்கிற இருமல்" என்று சொல்லிக்கொண்டு சாப்பிட உட்காருவோம். கேஸ் அடுப்பு வந்த பிறகுதான் அந்த இடம் மனிதர் நிற்கிற இடமாயிற்று.

இப்போதைய வீட்டில் புகை இல்லை, ஒழுகல் இல்லை, குருவியும் இல்லை. ஜன்னலைச் சாத்தினால் கடலூர் சாலை பஸ் ஹாரன்கூடக் கேட்காது. ஸ்பிளிட் ஏசி வெளியிலிருந்து காற்றைக் கொண்டுவந்து குளிரவைக்கிறது என்றுதான் வீட்டில் எல்லாருடைய நம்பிக்கையும். உண்மையில் வெளிப்பெட்டிக்கும் உள்பெட்டிக்கும் நடுவே குழாயில் ஓடுவது குளிரூட்டும் கேஸ் மட்டுமே. அறையில் இருக்கிற காற்றையே இழுத்து, குளிரவைத்து, மறுபடி நம் முகத்தில் விடுகிறது. வெளிக்காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்தில் 420 பங்கு போல இருக்கும். நாம் விடும் மூச்சில் அது ஏறக்குறைய நூறு மடங்கு. 1858இலேயே மியூனிக்கில் பெட்டன்கோஃபர் என்பவர், அறைக்குள் அந்த வாயு ஆயிரத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் காற்று பழசாகிவிட்டது என்று கணக்கு வைத்தார். அந்த அளவில் அது விஷம் இல்லை, அறையில் மற்றவர் மூச்சையே நாம் வாங்கிக்கொண்டிருக்கிறோம் என்பதற்கான அத்தாட்சி.

நாங்கள் அத்தாட்சியைப் பார்க்கவில்லை, கடைக்குப் போனோம். காலைத் தலைபாரத்துக்குத் தைலம், பீரோவுக்குப் பின்னால் பூத்த பூஞ்சைக்கு ஸ்பிரே, தூசிக்கு ஏர் பியூரிஃபையர். பியூரிஃபையர் தூசியைப் பிடிக்கும். கரியமில வாயுவையும் ஈரத்தையும் அதனால் ஒன்றும் செய்ய முடியாது. பாத்ரூம் எக்ஸாஸ்ட் ஃபேன் ஜோராகச் சுற்றுகிறது. கதவடியில் இடுக்கே விடாமல் அடைத்துவிட்டதால், இழுப்பதற்குத்தான் அதற்குக் காற்றில்லை.

பழியைக் கான்கிரீட் மேல் போட்டுத் தப்பிக்கவும் வழியில்லை. புதுச்சேரி ஆசிரமத்தின் கோல்கொண்டே விடுதி முழுக்கக் கான்கிரீட்தான். ஆன்டனின் ரேமண்ட் வரைந்து, ஜார்ஜ் நகாஷிமா போன்றவர்கள் கூட இருந்து 1930களின் கடைசியில் வேலை தொடங்கியது. வடக்கிலும் தெற்கிலும் சுவருக்குப் பதில், மேலிருந்து கீழ்வரை திருப்பி வைக்கக்கூடிய பலகைத் தடுப்புகள். அறைக்கதவுகளிலும் காற்றுப் போக இடைவெளி. கூரைத் தளத்துக்கு மேலே வளைந்த கான்கிரீட் ஓடுகள், நடுவே காற்று ஓட இடம். ஊரிலிருந்து சைக்கிளில் போய்ப் பார்த்துவிட்டு வரும் தூரம்தான். நாங்கள் வீடு கட்டும்போது பார்க்கப்போனது டைல்ஸ் கடையை.

சென்ற மாதம் தம்பி மகன் சென்னையிலிருந்து வந்தான். வீடுகளுக்குக் காற்றோட்டம் அமைக்கும் வேலைதான் பார்க்கிறான். ஊதுபத்தி கொளுத்தி படுக்கையறைக் கதவிடுக்கில் பிடித்தான். புகை இம்மியும் சாயாமல் நேராக ஏறியது.

"காத்து உள்ள வரவும் வழியில்ல, வெளிய போகவும் வழியில்ல, பெரியப்பா."

அதற்கு ஒரு மெஷின் இருக்கிறதாம். ஒரு ஃபேன் வெளிக்காற்றை வடிகட்டி உள்ளே தள்ளும், இன்னொன்று பழைய காற்றை வெளியேற்றும். நடுவில் ஓர் அடுக்கில் இரண்டும் கலக்காமல் ஒன்றையொன்று கடந்து போகும்போது, வெளியேறும் குளிர்காற்று உள்ளே வரும் வெக்கையையும் ஈரத்தையும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். ஏசி போட்ட குளிர் அத்தனையும் வீணாகாது. நம்மைப் போல் கடலோரத்தில் இருப்பவர்களுக்கு ஈரம் குறைவதே பெரிய காரியம்.

காற்றை இழுக்கும் வாய் எங்கே வைப்பது என்று வீட்டைச் சுற்றி வந்தான். நிழலாக இருக்க வேண்டும், சமையல் புகை படக்கூடாது, கிழக்குப் பார்த்திருந்தால் விசேஷம். திண்ணை இருந்த இடம் எல்லா விதத்திலும் பொருந்தியது. ஆனால் அங்கே இப்போது கார் நிற்கிறது. கார் புகையை உள்ளே இழுத்துவிடும் என்று அந்த இடத்தைத் தள்ளிவிட்டு, மாடிச் சுவரில் ஓட்டை போடக் குறித்துக்கொண்டான்.

கொட்டேஷன் வந்தது. தொகையின் பூஜ்யங்களை விரல்வைத்து எண்ணிவிட்டு என் மனைவி கேட்டாள்:

"இவ்வளவு குடுத்தா காத்த எங்கேருந்துப்பா கொண்டாருவாங்க?"

"வெளியிலேருந்துதான், பெரியம்மா."