டிஸ்ப்ளே வரவில்லை: பரபக்கமும் சுபக்கமும்

பொத்தானை அமுக்கியதும் விசிறிகள் சுழல்கின்றன. ரேமில் பதித்த விளக்குகள் ஏழு நிறமும் காட்டுகின்றன. மானிட்டர் மட்டும் ‘நோ சிக்னல்’ என்று சொல்லிவிட்டுத் தூங்கிவிடுகிறது. இதனை இருள்நிலை என்க. படம் வந்து, விண்டோஸும் ஏறி, இரண்டு நாள் ஒழுங்காக ஓடிய பிறகு, விளையாட்டில் ஜெயிக்கப் போகும் நேரம் பார்த்துத் தானே அணைந்து தானே எழுவது மயக்கநிலை. புதிதாகக் கோத்த கம்ப்யூட்டருக்கு வரும் நோய் யாவும் இவ்விரண்டில் அடங்கும். மூன்றாவதாகப் புகைநிலை ஒன்று உண்டெனினும், அதற்கு ஆராய்ச்சி தேவைப்படுவதில்லை.

அருணந்தி சிவாச்சாரியார் சிவஞான சித்தியாரில் பிறர் கொள்கையை மறுக்கும் பரபக்கத்தை முன்வைத்து, தம் கொள்கையை நாட்டும் சுபக்கத்தைப் பின்வைத்தார். அம்முறையே இங்கும் கொள்ளப்படுகிறது. ஏனெனில் சிஸ்டம் எழாத வீட்டுக்கு முதலில் வந்து சேர்பவர் சர்வீஸ்காரர் அல்லர், கொள்கைக்காரர்கள்.

அமாவாசைவாதியரை ஒரே வரியில் கடந்துவிடலாம். மதர்போர்டில் கடிகாரம் உண்டு, அது நிற்காமல் ஓட சிஆர்2032 என்ற வட்ட பேட்டரியும் உண்டு, பஞ்சாங்கம் இல்லை.

விண்டோஸ்வாதியர் தொகையில் பெரியவர்கள். ‘ஃபார்மட் அடிச்சுட்டு ஓஎஸ்ஸைப் புதுசாப் போடு’ என்பது இவர்களது மகாவாக்கியம். இருள்நிலையில் விண்டோஸ் இன்னும் வாசற்படியே ஏறவில்லை. பிராசஸர், ரேம், கிராஃபிக்ஸ் கார்டு ஆகியவற்றை பயாஸ் சோதித்து முடித்த பின்னரே அதற்கு அழைப்புப் போகும். வராத விருந்தாளி மேல் திருட்டுப் பட்டம் கட்டலாகாது. மயக்கநிலையில் இவர்களுக்குக் கொஞ்சம் இடம் கொடுக்கலாம். டிரைவர் கோளாறு என்பது மெய்யாகவே உள்ளது. ஆனால் இவர்கள் சான்று காட்டுவதென்னவோ ஈவென்ட் வியூவரில் சிவப்பாக நிற்கும் ‘கெர்னல்-பவர் 41’ என்ற பதிவை. அதன் சாரம், கம்ப்யூட்டர் முறையாக அணைக்கப்படாமல் மீண்டும் தொடங்கியது என்பதே. எதிரே உட்கார்ந்திருந்தவருக்கு அது முன்பே தெரியும்.

கதிர்வாதியர் படித்தவர்கள். விண்ணிலிருந்து வந்த கதிர் ரேமில் பட்டுப் பூச்சியம் ஒன்றாகிவிட்டது என்பர். இதை எள்ளி நகையாட முடியாது. 1978இல் இன்டெலில் இருந்த டிமத்தி மே, மர்ரே வுட்ஸ் இருவரும், சிப்பின் உறைப்பொருளில் கலந்திருந்த கதிரியக்கத் துணுக்குகள் வெளியிடும் ஆல்ஃபா துகள்கள் நினைவகத்தைப் புரட்டுவதைக் காட்டினார்கள். ஆயினும் 2009இல் கூகுளின் சர்வர்களை வைத்து வெளியான ஆய்வு, ஆண்டுக்கு நூறு ரேம் ஸ்டிக்குகளில் எட்டுக்கு மேல் பிழை காட்டுவதாகவும், அவற்றில் மிகுதி ஸ்டிக்கின் சொந்தப் பழுதே என்றும் கண்டது. மேலும் கதிர் எப்போதாவது ஒருமுறை படும். தினமும் அதே விளையாட்டில், ஆடத் தொடங்கிய அதே பத்தாவது நிமிடத்தில் படுமாயின், அது பெரும்பாலும் கதிர் அன்று, சூடு. கூலரின் அடியில் ஒட்டிவரும் பிளாஸ்டிக் தாளை உரிக்காமலே பிராசஸர் மேல் வைத்து முறுக்கியோர் உலகில் பலர்.

எஞ்சியவர் கம்பெனிவாதியர்: ‘பீஸே அப்படித்தான்’ என்போர். இவர்களை முழுதும் மறுப்பது அறமாகாது. இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்கள் பல, மிகை மின்னழுத்தத்தால் நாளடைவில் நலிந்து நிலைகுலைந்தன. 2024 ஆகஸ்டில் மைக்ரோகோடு திருத்தம் வந்தது, வாரன்டியும் இரண்டாண்டு நீண்டது. நலிந்துபோனதைத் திருத்தம் குணமாக்காது என்பதையும் கருதுக. ஆனால் அது நாள்பட்டு வரும் நோய். அட்டைப்பெட்டி பிரித்த அன்றைக்கே இருண்டதற்கு அதைக் காரணம் காட்டுவது ஆய்வு நெறி ஆகாது.

இனிச் சுபக்கம். இந்நூலாசிரியர் தாமே இயற்றிக்கொண்ட நூற்பா வருமாறு:

சுற்றும் விசிறி சுடரும் விளக்கும்
முற்றும் இருண்ட திரையெனின் முதற்கண்
பற்றிய ரேமைக் கழற்றி மாட்டுக.

‘முதற்கண்’ என்றமையான், பின்னர்ப் பார்க்க வேண்டியன பிறவும் உள என்பது பெற்றாம். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் தடித்த 24 பின் வயரை யாரும் மறப்பதில்லை. மதர்போர்டின் மேல்மூலையில், கேபினட் விளிம்பை ஒட்டி, கை நுழையாத சந்தில் பிராசஸருக்கென்றே ஒரு 8 பின் இணைப்பு உண்டு. அது விடுபட்டாலும் விசிறிகள் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். எச்டிஎம்ஐ கேபிளைக் கிராஃபிக்ஸ் கார்டில் செருகாமல் மதர்போர்டில் செருகுவதும் இவ்வகையே. இன்டெல் பிராசஸரின் பெயர் எஃப் என்று முடிந்தால் அதற்குள் கிராஃபிக்ஸ் கிடையாது. அந்தத் துளையிலிருந்து உலகம் முடியும்வரை படம் வராது.

ரேமுக்கு வருவோம். நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் இரண்டு ஸ்டிக் போடுவதானால், பிராசஸர் பக்கமிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் போடுவது பெரும்பாலான போர்டுகளின் விதி. பல போர்டுகளில் ஒரு முனையில்தான் கிளிப் இருக்கும். அந்த முனை ‘டக்’ என்று சொல்லிவிடும். கிளிப் இல்லாத மறுமுனை அரை மில்லிமீட்டர் தூக்கி நிற்கும், கண்ணுக்குத் தெரியாது. விரலை வைத்து அழுத்தினால் இன்னொரு சிறு ‘டக்’ கேட்கும். உலகின் பாதி இருள்நிலை அந்த இரண்டாவது ஒலியில் தீர்கிறது என்பது இந்நூலின் துணிபு.

இங்கே ரிச்சி தெரு மரபு குறுக்கிடும். ‘ஸ்டிக்கைக் கழட்டி ரப்பர் வச்சுத் தேய்ச்சுப் போடுங்க சார்’ என்பது அம்மரபு. பத்தாண்டு உழைத்துக் கருத்த ரேமுக்கு இது பொருந்தும். நேற்று உறை கிழித்த ஸ்டிக்கின் தங்கப் பூச்சில் அழுக்கு ஏது? பூச்சுதான் தேயும். தேய்த்தபின் எழுந்ததே எனின், எழுப்பியது ரப்பர் அன்று; திரும்ப அழுத்தி மாட்டிய கை.

டிடிஆர்5 வந்தபின் பொறுமையும் இச்சாத்திரத்துக்குள் வந்துவிட்டது. முதல்முறை எழும்போது ரேமோடு பழகிக்கொள்ள மதர்போர்டு சில நிமிடம் எடுக்கும்; அதுவரை திரை கருப்பு, ‘டிராம்’ என்ற இடத்தில் சிறு விளக்கு மட்டும் எரியும். என் அக்கா மகன் அந்த விளக்கையே முறைத்துக்கொண்டு, “மாமா, ஆஃப் பண்ணிப் போட்டுரவா?” என்றான். “கையை எடுடா” என்றேன். இடையில் அணைத்தால் பழக்கம் மீண்டும் முதலிலிருந்து தொடங்கும்; அணைத்து அணைத்தே ஒரு நல்ல கம்ப்யூட்டரைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகலாம்.

இச்சாத்திரத்தின் பெருங்குறையும் இதில்தான் உள்ளது. கழற்றி மாட்டுவதே மருந்து, அதுவே தடயத்தை அழிப்பதும். பதற்றத்தில் எல்லாவற்றையும் பிரித்துத் திரும்பக் கோத்தவுடன் சிஸ்டம் எழுந்துவிடும். குற்றவாளி யார்? 8 பின்னா, தூக்கி நின்ற ஸ்டிக்கா, போர்டுக்கு அடியில் தவறிய இடத்தில் நின்று ஷார்ட் ஆக்கிய பித்தளைக் குமிழா? தெரியாது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவார்க்கே அறிவு சித்திக்கும். அவ்வளவு பொறுமை உள்ளவர் ரெடிமேடாக வாங்கியிருப்பார்.

மயக்கநிலைக்குச் சுருக்கமாக: 6000 என்று அட்டையில் போட்ட ரேம் பெரும்பாலும் 4800இல்தான் எழும். மீதி வேகம் பயாஸில் எக்ஸ்போ அல்லது எக்ஸ்எம்பியைத் தட்டினால் வரும். சிலவேளை மயக்கமும் கூடவே வரும். அதை அணைத்து ஓட்டுக. நின்றுவிட்டால் நோய் அங்கே. இல்லையேல் ராத்திரி முழுக்க மெம்டெஸ்ட் ஓட்டுக. அதிலும் பிழை இல்லையெனில் பிரைம்95. பகா எண் வேட்டைக்காக எழுதப்பட்ட அந்த நிரல் விடை முன்பே தெரிந்த கணக்கைப் போட வைக்கும். விடை பிசகினால் பழி கணக்கின் மேல் விழாது, பெட்டியின் மேல் விழும்.

இவ்வளவும் பார்த்துக் கடைக்கு எடுத்துப் போனால், அங்கே பாடாமல் பேசாமல் மூன்று மணி நேரம் ஓடும். ‘நல்லாத்தானே சார் ஓடுது’ என்பார் கடைக்காரர். இதில் மாயம் இல்லை. போர்டை வெளியே எடுத்து மேசைமேல் அட்டையில் வைத்து, ஏசி அறையில், கடையின் எஸ்எம்பிஎஸ்ஸில், வேறு பிளக்கில் ஓட்டுகிறார். வீட்டு நோய்க்குக் காரணமான சூடு, ஷார்ட், வோல்டேஜ் மூன்றும் வீட்டிலேயே தங்கிவிட்டன. ஆகலின் போகிறவர் கேபினட்டைப் பிரிக்காமல், பவர் கார்டோடும் வீட்டு யூபிஎஸ்ஸோடும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போய், அதிலேயே மாட்டி ஓட்டச் சொல்ல வேண்டும். யூபிஎஸ் கனக்கும். கடைப் பையன் ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பான்.