புள்ளி நடுங்கினால் என்ன செய்வது?

கேள்வி: கருத்தரங்கில் முதன்முறையாகப் பேசப்போகிறேன். லேசர் வைத்த ரிமோட் ஒன்று வாங்கியிருக்கிறேன். எப்படிக் கையாள்வது?
- ஓர் ஆய்வு மாணவி, மதுரை

பதில்: முதலில் பேட்டரி மூடியைத் திறந்து பாருங்கள். பல ரிமோட்டுகளில் விரல்நகம் அளவு ரிசீவர் அங்கேதான் பதுங்கியிருக்கும். அதை லேப்டாப்பில் செருகினால் போதும். ரிமோட்டைக் கணினி ஒரு குட்டி கீபோர்டாகவே எடுத்துக்கொள்ளும்; நீங்கள் அழுத்துவது பேஜ் டவுன், பேஜ் அப் விசைகளைத்தான். இது ரேடியோ அலையில் இயங்குவது. டி.வி. ரிமோட் போல நீட்டிப் பிடிக்க வேண்டாம்; கையைத் தொங்கவிட்டு அழுத்தினாலும் ஸ்லைடு நகரும்.

லேசர் அப்படியல்ல. நாக்கு மறைக்கும் படபடப்பை அது ஊருக்கே சொல்லிவிடும். கையில் இம்மி நடுக்கம் என்றால் திரையில் சாமியாட்டம்! முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொள்ளுங்கள். சொல்லுக்கு அடியில் ஒரு கோடு இழுத்ததும் விரலை எடுத்துவிடுங்கள்.

ஒரே திறனில், 532 நானோமீட்டர் பச்சை ஒளி 650 நானோமீட்டர் சிவப்பைவிடப் பளிச்சென்று தெரியும். எல்.இ.டி. டி.வி. திரையில் இரண்டுமே எடுபடாது. அங்கே மவுஸ் அம்புக்குறிதான் துணை. 'கிளாஸ் 2' என்று அச்சிட்டிருந்தால் ஒளி 1 மில்லிவாட்டைத் தாண்டாது. ஆனாலும் யார் கண்ணிலும் பாய்ச்சாதீர்கள்.

புள்ளியைக் கொஞ்சமாகக் காட்டுங்கள். முகத்தை நிறையக் காட்டுங்கள். சபை கேட்க வந்திருப்பது உங்களைத்தான். வெற்றியோடு வாருங்கள்!