காணாமற்போன மானியத்தின் திதி

கனம் பொருந்திய மத்திய பெட்ரோலிய, இயற்கை எரிவாயு அமைச்சகத்தாரின் சமூகத்துக்கு, திருவள்ளூர் ஜில்லா பொன்னேரி தாலுகா மீஞ்சூரிலிருந்து ஒரு கிருகஸ்தன் அநேக நமஸ்காரங்களுடன் எழுதிக்கொண்ட விஞ்ஞாபனம். இவ்விடம் நானும் என் மனைவியும் ஒற்றைச் சிலிண்டரும் க்ஷேமம். தங்கள் க்ஷேமத்தைப் பத்திரிகைகளின் முழுப்பக்க விளம்பரங்களிலிருந்தே அவ்வப்போது தெரிந்துகொள்கிறபடியால் தனியே விசாரிக்கவில்லை.

எங்கள் வீட்டுக்கு மிகவும் வேண்டிய ஒருவர் 2020-ஆம் வருஷக் கோடைமுதல் காணப்படவில்லை. பெயர், சமையல் எரிவாயு மானியம். சிலிண்டர் இறங்கிய இரண்டொரு நாளில் கைபேசியில் ஒரு மணியடித்துத் தம் வரவைத் தெரிவித்துவிட்டு, என் மனைவியின் வங்கிப் புத்தகத்தில் ஒரு வரியாகப் போய் உட்கார்ந்துகொள்வது அவருடைய வழக்கம். அதிகம் பேசமாட்டார், ஆனால் மாதக் கடைசியில் மளிகைக்காரரிடம் எங்கள் மானத்தைக் காப்பாற்றியவர் அவர்தான். அவர் இருக்கிறாரா, இல்லையா, இல்லையென்றால் எந்தத் தேதியில் இல்லாமற்போனார் என்பதை விசாரித்துக்கொள்ளவே இந்தக் கடிதம்.

அவருடைய பிறப்பு ரகசியமாக நடந்ததல்ல. 2013-இல் சில ஜில்லாக்களில் ஒரு தரம் பிறந்து, நடுவில் நிறுத்தப்பட்டு, 2014 நவம்பர் 15-இல் ஐம்பத்து நான்கு ஜில்லாக்களில் மறுபிறவி எடுத்து, 2015 ஜனவரி முதல் தேதியிலிருந்து தேசமெங்கும் வியாபித்து, ‘பஹல்’ என்ற நாமகரணமும் பெற்று, உலகத்திலேயே பெரிய நேரடிப் பணப்பட்டுவாடா என்று கின்னஸ் புத்தகத்திலும் ஏறியவர் அவர். அதற்கு முன்னால் அவர் சிலிண்டரின் விலைக்குள்ளேயே அடங்கி வாழ்ந்தவர். முகம் கிடையாது, மணியோசை கிடையாது, கடைக்காரர் கேட்ட குறைந்த விலையே அவருடைய ரூபம். அந்த நாளில் அவரைக் குறைக்க வேண்டுமானால் விலையைக் கூட்டியாக வேண்டும். விலையைக் கூட்டினாலோ தெருவில் கொடி, சட்டசபையில் கூச்சல், பத்திரிகையில் கொட்டை எழுத்து. அவரை விலையினின்றும் பிரித்தெடுத்து, முழு விலையையும் முதலில் வாங்கிக்கொண்டு, மிச்சத்தைப் பிற்பாடு திருப்பித் தருவதென்ற ஏற்பாட்டை வகுத்த மகானுபாவர் ஊழலை ஒழிக்க நினைத்தார் என்றே நானும் நம்புகிறேன். ஆனால் திருப்பித் தருகிற கையை ஒரு நாள் சத்தமில்லாமல் மடக்கிக்கொள்ளவும் அந்த ஏற்பாட்டைவிடச் சௌகரியமான ஒன்றை எந்தச் சாணக்கியனும் கண்டுபிடித்திருக்க முடியாது.

மடக்கியது எப்போது என்பதில்தான் எனக்குச் சிக்கல். 2020 ஏப்ரலில் சென்னையில் 761 ரூபாய் 50 காசாக இருந்த சிலிண்டர், உலகச் சந்தையில் எண்ணெய் விலை விழுந்ததால் மே மாதம் 569 ரூபாய் 50 காசுக்கு இறங்கியது. சந்தை விலையே இறங்கிவிட்ட பிறகு மானியத்துக்கு வேலையென்ன என்று அவரைச் சற்று ஓய்வெடுக்கச் சொன்னீர்கள். அது நியாயமே, நான் ஆக்ஷேபிக்கவில்லை. ஊரடங்கென்று ஜனங்களெல்லாம் வீட்டுக்குள் அடைந்து கிடந்த காலத்தில் அவர் ஒருவர் மட்டும் வெளியே போனார். பிறகு விலை ஏறிற்று: 2021 மார்ச்சில் 835 ரூபாய், 2022 மே மாதத்தில் ஆயிரத்தைத் தாண்டி 1,015 ரூபாய் 50 காசு, 2023 மார்ச் முதல் தேதி 1,118 ரூபாய் 50 காசு. போனவர் திரும்பவில்லை. நடுவில் என் மனைவியின் புத்தகத்தில் இருபத்து நான்கு ரூபாயும் சில காசுகளும் இரண்டொரு தரம் விழுந்தன. அது உயிரின் அறிகுறியா, போகிற உயிர் இழுத்த கடைசி மூச்சா என்று நிச்சயிக்க எங்கள் தெருவில் வைத்தியர் இல்லை.

2022 ஜூனில் தங்கள் செயலாளர் பத்திரிகையாளர்களிடம் பேசுகையில், 2020 ஜூன் முதலே மானியம் கிடையாது, உஜ்வலா திட்டப் பயனாளிகளுக்கு மட்டுந்தான் என்று சொன்னதாகப் படித்தேன். சாவுச் செய்தியை இரண்டு வருஷங் கழித்து, அதுவும் வேறொரு விஷயத்துக்கு நடுவில், போகிறபோக்கில் சொல்வது எந்தச் சம்பிரதாயத்தைச் சேர்ந்தது என்று விளங்கவில்லை. உஜ்வலாக்காரர்களுக்கு முதலில் இருநூறும் பிறகு முந்நூறும் கொடுப்பதில் எனக்கு அசூயை இல்லை; அது ஏழைகளின் பங்கு. எங்கள் வீட்டுக்காரரைப் பற்றி மட்டும் கேட்கிறேன். மே என்றால் ஒரு திதி, ஜூன் என்றால் வேறொரு திதி, இருபத்து நான்கு ரூபாயைக் கணக்கில் சேர்த்தால் மூன்றாவதாக ஒரு திதி. தர்ப்பையைக் கையில் வைத்துக்கொண்டு நான் எந்த நாளில் உட்காருவது? வக்கீல் சிநேகிதர் ஒருவரைக் கேட்டதில், ஏழு வருஷம் ஒருவரைப் பற்றித் தகவலே இல்லாவிட்டால் அவர் இறந்தவராகக் கொள்ளப்படுவார் என்று 1872-ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டம் 108-ஆம் பிரிவு சொன்னதையே அதனிடத்தில் வந்த 2023-ஆம் வருஷத்துச் சட்டம் 111-ஆம் பிரிவும் சொல்கிறதென்றும், அந்தக் கணக்குப்படி 2027 கோடைவரை பொறுக்க வேண்டியதுதான் என்றும் அபிப்பிராயம் சொன்னார்.

பொறுத்திருக்கலாம் என்றுதான் இருந்தேன். அதற்குள் எரிவாயு இணைப்புக்கு ஆதார் விரல்ரேகைப் பதிவு வந்தது. ஏஜென்சியின் பெயரைச் சொல்லி அங்குள்ள பிள்ளைகளை வம்பில் மாட்ட எனக்கு இஷ்டமில்லை; வெயிலில் வரிசை, வரிசையில் பாதிப்பேர் அறுபதைத் தாண்டியவர்கள். எனக்கு முன்னால் நின்ற அடுத்த தெருப் பாட்டி நாற்பது வருஷம் நாலு வீட்டுப் பாத்திரம் தேய்த்தவள். ரேகையெல்லாம் புளியோடும் சாம்பலோடும் போய்விட்டது. யந்திரம் அவளை அங்கீகரிக்க மறுத்தது. “பாட்டி, தலையில தேய்ச்சுட்டு வைங்க” என்றான் பையன். தேய்த்து வைத்தாள். “கட்டை விரல் வேணாம், மோதிர விரல வைங்க” என்றான். அதையும் வைத்தாள். “இதுக்கு எவ்ளோப்பா வரும்?” என்று கேட்டாள். “ஒண்ணும் வராது பாட்டி, ஆனா வைக்கலைன்னா மானியம் கட் ஆயிடும்” என்றான் அவன், கொஞ்சமும் சிரிக்காமல். மாயாவாதத்தை இத்தனை சுருக்கமாக விளக்கிய பாஷ்யக்காரர் யாரும் இல்லை என்று நினைத்துக்கொண்டு என் விரலையும் வைத்துவிட்டு வந்தேன்.

2015 மார்ச்சில் பிரதம மந்திரி மானியத்தை ‘விட்டுக் கொடுங்கள்’ என்று வேண்டியபோது விட்டுக்கொடாத பாவிகளில் நானும் ஒருவன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். விட்டுக்கொடுத்த ஒரு கோடிப் பேர் கௌரவிக்கப்பட்டார்கள். விட்டுக்கொடாமலே இழந்த எங்களுக்கு அந்தப் பாக்கியமும் இல்லை.

தங்கை மகன் கனடாவில் ஸ்கார்பரோவில் இருக்கிறான். அந்தத் தேசத்தில் 2019 முதல் பெட்ரோலுக்கும் வீட்டுக் கணப்புக்கும் கார்பன் வரி போட்டு, அப்படி வாங்கியதில் பெரும்பகுதியை, 2022 முதல் மூன்று மாதத்துக்கொரு தரமாக, குடும்பங்களுக்கே திருப்பிக் கொடுத்து வந்தார்களாம். ஒண்டாரியோவில் நால்வர் கொண்ட குடும்பத்துக்கு 2024-25 கணக்கில் வருஷத்துக்கு 1,120 டாலர். புதிய பிரதமர் கார்னி பதவியேற்ற அன்றைக்கே அதை நிறுத்த உத்தரவிட்டார்; 2025 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து வரி கிடையாது, ஏப்ரல் 22-இல் கடைசித் தவணை. “மாமா, இந்த மாசத்தோட சரியாம்” என்று அவன் போனில் சொன்னபோது எனக்கு வந்தது பொறாமை. டாலரை நினைத்து அல்ல, தேதியை நினைத்து. அங்கே வரியைக் கொன்றார்கள், திருப்பிக்கொடுத்ததையும் கூடவே கொன்றார்கள், இரண்டுக்கும் நாள் குறித்துப் பத்திரிகை அடித்தார்கள். உடன்கட்டை என்றாலும் ஊரறிய நடந்தது.

இங்கேயும் கார்பன் வரி இல்லாமல் இருக்கவில்லை. 2010-இல் நிலக்கரி டன்னுக்கு ஐம்பது ரூபாய் என்று ஆரம்பித்து, நூறு, இருநூறு என்று வளர்ந்து, 2016-இல் நானூறில் போய் நின்ற மேல்வரிக்கு முதலில் தூய எரிசக்தியென்றும் பிறகு தூய சுற்றுச்சூழலென்றும் பெயர் வைத்தார்கள். மத்திய சர்க்காரின் 2014-15 பொருளாதார ஆய்வறிக்கையே, நாம் கார்பனுக்கு மானியம் கொடுக்கும் நிலையிலிருந்து வரி விதிக்கும் நிலைக்கு வந்துவிட்டோம் என்று பெருமைப்பட்டுக்கொண்டது. அந்த நிலக்கரி எங்கள் ஊர் வழியாகத்தான் போகிறது. 2001-இல் எண்ணூர்த் துறைமுகமாகத் தொடங்கி இப்போது காமராஜர் பெயரைத் தாங்கி நிற்கும் துறைமுகத்தில் இறங்கி, அத்திப்பட்டுப் புதுநகர்ப் பக்கம் வடசென்னை அனல்மின் நிலையத்துக்கும் 1,500 மெகாவாட் வல்லூர் நிலையத்துக்கும் போய், மின்சாரமாகச் சென்னைக்கும் சாம்பலாக எங்களுக்கும் பாகம் பிரிகிறது. மேல்வரி மின்கட்டணத்துக்குள் ஒளிந்து எல்லாரிடமும் வசூலாயிற்று. சாம்பல் மட்டும் ஒளியவில்லை. சித்திரை வெயிலில் மாடியில் பிழிந்த கூழ்வடாம், மேலே வேட்டியைப் போர்த்தியிருந்தும், மாலையில் எடுக்கையில் மிளகு தூவினாற்போல் இருக்கும். விறகுப் புகை ஸ்திரீகளின் நுரையீரலுக்கு ஆகாது, எரிவாயுவுக்கு மாறுங்கள் என்று தாங்கள் உபதேசித்தபடி நாங்கள் மாறிவிட்டோம். இந்தப் புகைக்கு எதற்கு மாறுவது என்று உபதேசிக்க யாரும் வரவில்லை.

2010-11 முதல் 2017-18 வரை அந்த மேல்வரியில் வசூலானது 86,440 கோடி ரூபாய். தூய எரிசக்தி நிதிக்குப் போய்ச் சேர்ந்தது ஏறக்குறைய 29,650 கோடி. அதிலும் திட்டங்களுக்குச் செலவானது 15,911 கோடி. மிச்சம் 2017 முதல் ஜி.எஸ்.டி. இழப்பீட்டுக் கணக்கில் கரைந்தது. வடாத்துக்கு வந்தது சூன்யம். அந்த நானூறு ரூபாயும் 2025 செப்டம்பர் 22-ஆம் தேதி காலமாயிற்று, நிலக்கரிக்கு ஜி.எஸ்.டி. ஐந்து சதவீதத்திலிருந்து பதினெட்டாயிற்று. கவனிக்க வேண்டியது: அதற்குத் தேதி உண்டு. கவுன்சில் கூடியது, அறிவிக்கை வந்தது. 2023 ஆகஸ்டில் சிலிண்டருக்கு இருநூறு குறைத்ததற்கும், 2024 மார்ச் 8 மகளிர் தினத்தில் நூறு குறைத்ததற்கும் தேதி உண்டு, மேளமும் உண்டு. எங்கள் மானியம் ஒன்றுதான் தேதியில்லாமல் போனது.

ஆகவே தங்கள் சமூகத்தில் நான் யாசிப்பது பணமல்ல. ஒரு தபால் கார்டு. ‘இன்ன வருஷம், இன்ன மாதம், இன்ன தேதி முதல் தங்கள் மானியம் நிறுத்தப்பட்டது’ என்று ஒரே வரி, கீழே ஒரு கையெழுத்து, முத்திரை. அது வந்தால் அந்தப் பாட்டியும் நானும் இனி எந்த யந்திரத்திலும் விரல் வைக்கமாட்டோம்; என் மனைவியும் அந்தக் கணக்கை மூடிவிடுவாள். மானியத்துக்கென்றே திறந்த அந்தக் கணக்கில் குறைந்தபட்ச இருப்பு இல்லையென்று ஒரு வங்கி அபராதம் பிடித்துக்கொண்டிருக்கிறது, பெயர் வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் தாழ்மையுள்ள,
மீஞ்சூர் வாடிக்கையாளன்

பி.கு.: தங்கள் பதிலுக்காக விலாசமெழுதிய கார்டு ஒன்றை இத்துடன் இணைத்திருக்கிறேன். தேதி எழுதும் இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.