அவள் பெயரில் வரும் பணம்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் மதுரையில் விடுதியில் தங்கிப் படித்தபோது, அப்பாவின் பணம் மணியார்டரில் வரும். அதற்குக் கமிஷன் வேறு. படிவத்தின் அடித்துண்டில் இரண்டு வரி எழுதியிருப்பார்: பருத்தி இன்னும் விலை போகவில்லை, பார்த்துச் செலவழி. மெஸ்ஸில் டிவைடிங் சிஸ்டம். மாதச் செலவைச் சாப்பிட்டவர்கள் தலையில் பிரித்துப் போடுவார்கள். ஊருக்குப் போன நாட்களைக் கழித்துக்கொள்வார்கள். பில்லைக் குறைப்பதற்காகவே ஊருக்குக் கிளம்பிவிடும் பெண்கள் இருந்தார்கள். பாடம் போகும். அதைக் கணக்கில் யாரும் எழுதவில்லை.

அப்போது அரசு பெண்ணுக்கென்று கொடுத்தது கல்யாணத்துக்கு. 1989இல் வந்த திருமண உதவித் திட்டம், தேவதாசி முறையை எதிர்த்துப் போராடிய மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில். எங்கள் தெருவில் பல வீடுகளுக்கு அது பெரிய கைதூக்கல். குறைசொல்ல மனம் வராது. ஆனால் படிக்கப் போனவளுக்கு மாதாமாதம் கையில் காசு கிடையாது.

2022 செப்டம்பரில் அதே அம்மையார் பெயரிலேயே அந்தத் திட்டம் புதுமைப்பெண் ஆனது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரியில் சேர்ந்தால், படிப்பு முடியும்வரை மாதம் 1,000 ரூபாய், அவள் வங்கிக் கணக்கிலேயே. 2024இல் பையன்களுக்கும் தமிழ்ப் புதல்வன் திட்டம் வந்தது. என் அண்ணன் மகள் அரசு கலைக் கல்லூரியில் படிக்கிறாள். டவுன் பஸ்ஸில் அவளுக்குக் கட்டணம் இல்லை. அந்த ஆயிரம் நோட்டுக்கும் ஜெராக்ஸுக்கும் தேர்வுக் கட்டணத்துக்கும் மிஞ்சும். மத்தியானம் பசித்தால் யாரையும் எதிர்பார்க்காமல் சாப்பிடலாம். படிப்பைப் பாதியில் விடவைப்பது பல வீடுகளில் இந்தச் சில்லறைச் செலவுதான். அதனால்தான் இந்தத் தொகையை நான் இவ்வளவு பெரிதாக நினைக்கிறேன்.

கல்லூரி திறக்கும் முன்பே பெண்ணின் பெயரில் தனிக் கணக்கு தொடங்கி, ஆதாரை இணைத்துவிடுங்கள். ஏடிஎம் கார்டு அவள் பையில் இருக்கட்டும்.

போன மாதம் அண்ணன் மகள் பேசும்போது, "அத்தே, குழுக் கடன் தவணைக்கு அம்மா எடுத்துட்டாங்க, ரெக்கார்டு நோட்டு வாங்கல" என்றாள். அண்ணிக்கும் வேறு வழியிருந்திருக்காது. அன்றே அண்ணனுக்குப் போன் போட்டேன். தவணை இடித்தால் என்னிடம் கேளுங்கள், அவள் பணத்தைத் தொடாதீர்கள் என்று சொல்லியிருக்கிறேன்.